கூப்பிடு தூரம்

பல் டாக்டர் சிரித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. கடைவாய்ப் பல் சொத்தை, கன்னம் பூரியாக உப்பிக் கிடக்கிறது, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, நாற்காலியில் சாய்ந்து வாயையும் திறந்தாகிவிட்டது. "எடுத்துடலாமாம்மா?" என்று அவர் கேட்கிறார். இவள் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு சொல்கிறாள்: "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் டாக்டர்."

"பல்லு உங்களுதுதானேம்மா?"

துணைக்குப் போன எனக்கு மானம் போயிற்று. அவளோ கைப்பையிலிருந்து போனை எடுத்து, வீங்கிய கன்னத்தில் வைக்க முடியாமல் மறு கன்னத்தில் வைத்துக் கணவரைக் கூப்பிட்டாள். அவர் மீட்டிங்கில் இருந்தார். திரும்பி வந்துவிட்டோம். அந்தப் பல் இன்னும் இரண்டு நாள் அவள் வாயிலேயே இருந்தது.

அவளை நினைத்தால் என் காதில் முதலில் விழுவது இதுதான்: "கேட்டுட்டுச் சொல்றேங்க்கா." தி. நகரில் நைட்டி எடுக்கப் போனால், பச்சையா நீலமா என்று கடையிலிருந்து வீட்டுக்குப் படம் அனுப்புவாள். கடற்கரையில் ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கலாமா என்றால்கூட ஒரு நிமிடம் யோசிப்பாள். சுண்டலுக்கு என்னடி யோசனை என்று நான் கத்தியிருக்கிறேன். பயந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். கரப்பான்பூச்சியைக் கையாலேயே அடிப்பாள். மோட்டார் ரிப்பேர் ஆனால் பிளம்பரோடு மல்லுக்கு நிற்பாள். தன் விஷயம் என்று வரும்போது மட்டும் அவள் வாய்க்கு வேறு யாரோ பூட்டுப் போட்டிருந்தார்கள்.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பழைய அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில், எதிரெதிர் கதவு எங்களுடையது. அந்தப் பக்கம் அவள், கணவர், மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகன். இந்தப் பக்கம் நானும் என் மகளும். நானும் என் கணவரும் பிரிந்து வெகு காலமாகிவிட்டது. "அவளுக்கென்ன, கேள்வி கேக்க ஆளில்லாதவ" என்று அவளுடைய மாமியார் என்னைப் பற்றிச் சொல்வது கதவு வழியாக எனக்கே கேட்கும். கேட்கட்டும் என்றுதான் சொல்வார்.

ஓடலாம் என்று முதலில் ஆரம்பித்தது நான்தான். உடம்பு ஊதிக்கொண்டே போனது. கடற்கரையில் ஞாயிறுதோறும் ஓடுகிற ஒரு கோஷ்டியில் போய்ச் சேர்ந்தேன். எடுத்த எடுப்பில் யாரையும் ஓடவிட மாட்டார்கள். ஒரு விளக்குக் கம்பம் வரை ஓடு, அடுத்த கம்பம் வரை நட. பிறகு இரண்டு கம்பம் ஓடு, ஒன்று நட. இப்படிக் கம்பத்துக்குக் கம்பம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிவிடலாம் என்றார்கள். நான் மூன்றாவது கம்பத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நானும் வரட்டுமாக்கா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "கேட்டுட்டுச் சொல்றேன்."

எப்படிக் கேட்டாளோ, உத்தரவு கிடைத்துவிட்டது. ஒரு நிபந்தனை. "கூப்பிடு தூரத்துல இருக்கணுமாம்." கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் அடுப்படியில் நிற்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். கடற்கரை கிடையாது, லஸ் கிடையாது, மந்தைவெளி கிடையாது. கோயிலையும் குளத்தையும் சுற்றியிருக்கிற நான்கு மாட வீதிகள்தான். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரும். வார நாட்களில் அவளுக்குத் துணையாக நானும் அங்கேயே ஓடினேன். விடிகிற நேரத்தில் பால் வண்டியையும், தெற்கு மாட வீதியில் காய்கறி மூட்டை இறக்குகிற ஆட்களையும், வாசல் தெளிக்கிற தண்ணீரையும் தாண்டித் தாண்டி ஓட வேண்டும்.

துப்பட்டாவை ஊக்கு குத்தி, ரப்பர் செருப்போடு வந்தாள் முதல் நாள். இரண்டாவது வாரமே என்னைத் தாண்டிவிட்டாள். எனக்கு எரிச்சல்தான், பொய் சொல்வானேன். மூச்சு இரைக்காமல் ஓடினாள். தோளில் விறைப்பு இல்லை, கால் தரையில் படுகிற சத்தமில்லை. ஒரு வீதி, இரண்டு வீதி, பிறகு ஒரு முழுச் சுற்று நிற்காமல். என் மகளின் பழைய ஷூ ஒன்றைக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை குதித்துப் பார்த்தாள். நாற்பது வயதுக்காரி.

ஓட்டத்தில் தூரத்தைக் கூட்டுவதென்றால் மற்றவர்களுக்குக் காலில் வலு வேண்டும். அவளுக்கு வீட்டில் நேரம் வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் அடுப்படியிலிருந்துதான் சம்பாதித்தாள். முந்தின நாளே காய் நறுக்கி வைத்து ஒரு சுற்று, சட்னி அரைத்து வைத்து இன்னொரு சுற்று. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் இட்லி என்றால் அவள் எட்டு ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும். பூரி என்றால் நாலுதான். சில நாள் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு இறங்கி வருவாள். ஒரு சுற்று முடித்து, இரண்டு மாடி ஏறி, அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி இறங்கி வந்து விட்ட இடத்திலிருந்து ஓடுவாள். எங்கள் கோஷ்டியில் மாடி ஏறுவதைத் தனிப் பயிற்சியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அவளுக்கு அது சாம்பார் வகையில் கிடைத்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கிழக்கு மாட வீதி முனையில் பூ விற்கிற அம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். "இன்னா வேண்டுதலோ பாவம், தினிக்கும் ஓடிக்கினே கீது" என்று பக்கத்துக் கடையில் சொல்லியிருக்கிறாள். அது தெருத் தெருவாகப் போய் மாமியார் காதுக்கு வந்தது. கோயில் வாசலில் யாரோ அவரிடம், "உங்க மருமக எதுக்குங்க காலங்காத்தால ஓடுறா?" என்று கேட்டே விட்டார்கள். மருமகள் தன் உடம்புக்காக ஓடுகிறாள் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். "பேரனுக்குப் பிளஸ் டூ இல்ல? நல்ல மார்க் வரணும்னு வேண்டிக்கிட்டுக் கோயிலச் சுத்துறா" என்று சொல்லிவிட்டார்.

இதை என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அக்கா, இனிமே கேக்கவே வேணாம். சாமி காரியம். எத்தனை சுத்து வேணா சுத்தலாம்" என்றாள். எனக்கும் அப்போது சிரிப்புதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. பால்காரர் வழிவிட்டார். இல்லை, நான் என் உடம்புக்குத்தான் ஓடுகிறேன் என்று ஒரு வார்த்தை அவள் மறுத்துச் சொல்லவில்லை. கிடைத்த உத்தரவை யார் கெடுத்துக்கொள்வார்கள்?

ஆனால் சாமி காரியத்துக்கென்று சட்டங்கள் இருக்கின்றன. முதலில் செருப்பு. "வேண்டுதல்னு சொல்லிட்டு ஷூ மாட்டிக்கிட்டா சுத்துவாங்க? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் மாமியார். அன்றிலிருந்து வெறுங்காலோடு வீட்டை விட்டு இறங்குவாள். பூக்கார அம்மாவின் பலகைக்கு அடியில் ஷூ இருக்கும். அங்கே போட்டுக்கொண்டு ஓடி, அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு வீடு திரும்புவாள். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பக்திப் பழம்.

இரண்டாவது சட்டம் முட்டியைப் பதம் பார்த்தது. கோயிலை வலமாகத்தான் சுற்ற வேண்டும். நாள் தவறாமல் ஒரே பக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு முனையிலும் வலது பக்கமே திரும்பித் திரும்பி அவளுக்கு வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. ஷூவின் அடிப்பாகம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எதிர்ப்பக்கமாக ஓடு, சரியாகிவிடும் என்று கோஷ்டியில் கேட்டு வந்து சொன்னேன். அவளும் ஒரு நாள் தைரியமாக மாற்றி ஓடினாள். பூக்கார அம்மா தொடுத்த பூவைப் போட்டுவிட்டு எழுந்து நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள்.

"யம்மா! யம்மோவ்! இன்னா பண்ணிக்கினு கீற நீ? எதிர்ச்சுத்து சுத்தாத கண்ணு, குடும்பத்துக்கு ஆவாது. புள்ள பரிச்ச எழுதச் சொல்ல இது இன்னா வேல?"

அவள் நின்றாள். திரும்பினாள். வலமாகவே ஓடினாள். ராத்திரி முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டாள். "உனக்குப் பைத்தியமா?" என்று நான் கேட்டதற்கு, "பையனுக்குக் கெமிஸ்ட்ரி கஷ்டமா இருக்காம்க்கா, எதுக்கு வம்பு" என்றாள். அவளே கிளப்பாத வேண்டுதலை அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். 

வரப்போகிற ஆகஸ்டில் கடற்கரைச் சாலையில் ஒரு அரை மாரத்தான் நடக்க இருந்தது. இருபத்தொரு கிலோமீட்டர். எங்கள் கோஷ்டியில் எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். அவள் பெயரையும் நான் கொடுத்தேன். அந்த ஒரு ஓட்டம் மட்டும் ஓடிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்றா சொன்னேன்? வெறி. அவள் வேறு எதையும் அப்படி விரும்பி நான் பார்த்ததில்லை. காய்கறிக்காரனிடம் பேரம் பேசும்போதுகூட, "இருபத்தொண்ணுக்குக் குடுப்பா" என்பாள், என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நேராக ஓடினாள். கணவரும் மாமியாரும் மகனும் ஒரு கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்தார்கள். இவளுக்கு மாதவிலக்கு, போகவில்லை. கோயிலைச் சுற்றவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் மாமியார். "கோயிலத்தானே சுத்தக் கூடாது?" என்று என் கதவைத் தட்டினாள். அவள் வாழ்க்கையிலேயே கேட்காமல் செய்த காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். சாந்தோம் வழியாக, பட்டினப்பாக்கம் தாண்டி, அடையாறு பாலத்தின் மேல் ஏறினோம். ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு நுரை தள்ளியது. அவள் முன்னால் போய், எனக்காகத் திரும்பி வந்து, மறுபடி முன்னால் போனாள்.

"அக்கா, முனையே வரமாட்டேங்குது பாருங்க! திரும்பவே வேணாம். போய்க்கிட்டே இருக்கலாம் போல இருக்கு" என்றாள்.

பெசன்ட் நகர் வரை போய் வந்தோம். வீட்டுக்கு வரும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். வலிக்குதாடி என்றேன். வலியே இல்லை என்றாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. பையன் வெளுத்து வாங்கிவிட்டான். கெமிஸ்ட்ரியில்தான் அதிகம். வீடு முழுக்க ஆட்கள். சாமிக்கு அபிஷேகம் செய்து, பால்கோவாத் தட்டோடு மாமியார் வாசலில் நின்றார். வந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பாராட்டினார்கள். சுத்தின சுத்து வீண் போகலையே என்றார்கள். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகளின் தலையைத் தடவி, எல்லார் முன்னாலும் சொன்னார்: "வேண்டுதல் நிறைவேறிடுச்சு. போதும்மா, கால் ஓய்ஞ்சு போச்சு உனக்கு. நாளையிலேருந்து சுத்த வேணாம்."

பாசமாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் இன்று வரை தாங்க முடியாதது. அவள் காபித் தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றாள். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அவ ஆகஸ்ட்ல இருபத்தொரு கிலோமீட்டர் ஓடணுங்க. பேரு குடுத்தாச்சு" என்றேன்.

கணவர் நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதான் மார்க் வந்துடுச்சேங்க, இனிமே எதுக்கு?" என்றார்.

அவ்வளவுதான். ஆறு மாதமாகக் கம்பத்துக்குக் கம்பம் சேர்த்த தூரம், இட்லி அவித்துச் சேர்த்த சுற்று, ஐஸ் வைத்த முட்டி, எல்லாம் அந்த ஒரு "எதுக்கு"வில் போயிற்று. இரண்டு நாள் கழித்து நான் நேரிலேயே கேட்டேன். "வேணாம்னு நான் எப்பங்க சொன்னேன்? எதுக்குன்னுதானே கேட்டேன்?" என்றார். உண்மைதான். அவர் எதையும் வேண்டாமென்று சொன்னதே கிடையாது. திட்டியிருந்தால் திட்டினார் என்று சண்டை போடலாம். இந்த "எதுக்கு"வை எங்கே பிடித்து உலுக்குவது?

அவளிடம் கத்தினேன். "கேக்காம வாடி! ஒரு நாள் காலையில மூணு மணி நேரம். வீடு இடிஞ்சா விழுந்துடும்?"

"வரலாம்க்கா" என்றாள். மாவை வழித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "ஓடி முடிச்சிட்டு வந்து அந்த வீட்லதானே இருக்கணும்?"

ஆகஸ்டில் நான் ஓடினேன், நொண்டி நொண்டி முடித்தேன். அவள் பெயருக்கு வந்த பனியனை மாமியார் பையனுக்குக் கொடுத்துவிட்டார். பூக்கார அம்மா மட்டும் கொஞ்ச நாள் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அந்தப் பொண்ணு இன்னாச்சு? ஷூவ இங்கியே வுட்டுட்டுப் பூட்ச்சே?" மழை வந்தபோது கடைக்கு மேல் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாள் பறக்காமல் இருக்க, ஆளுக்கு ஒரு மூலையாக அந்த ஷூக்கள் இரண்டும் உட்கார்ந்திருந்தன.

இதற்கப்புறம் வந்ததுதான் இதைவிடப் பெரிய கூத்து. கணவருக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார் டாக்டர். அவர் யாரையும் கேட்கவில்லை. "நாளையிலேருந்து ஓடப்போறேன்" என்று சொன்னார், அவ்வளவுதான். "ஆம்பளைக்கு உடம்புதானே முக்கியம்" என்றார் மாமியார். பாண்டி பஜாரிலிருந்து ஷூ வந்தது, மணிக்கட்டுக்குக் கடிகாரம் வந்தது, இடுப்பில் தண்ணீர் குப்பி மாட்ட ஒரு பெல்ட் வந்தது. ஷூ வீட்டுக் கூடத்திலேயே, சாமி படத்துக்கு நேர் எதிரே ஸ்டாண்டில் இருந்தது. அவர் மாட வீதியைச் சுற்றவில்லை. நேராகக் கடற்கரைக்குப் போனார்.

அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் இவள். ஒரு கம்பம் ஓடுங்க, ஒரு கம்பம் நடங்க. அவசரப்பட்டுக் கூட்டாதீங்க, முட்டி போயிடும். அவருக்கு முன்னால் எழுந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இட்லிதான். ஒரு நாள் படிக்கட்டில் அவர் என்னை நிறுத்தி வைத்து விளக்கினார்: "ஓட்டத்துல ரகசியமே இதாங்க, கம்பத்துக்குக் கம்பம் கூட்டணும்." நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். காய்கறிப் பையோடு அவள் நின்றாள். கண்ணாலேயே என்னை வேண்டாம் என்றாள்.

அடுத்த வருடம் அதே ஓட்டத்தில் அவர் இருபத்தொன்று ஓடினார். நான் எப்படியோ அவருக்கு முன்னால் முடித்துவிட்டு, கையில் வாழைப்பழத்தோடு முடிவுக் கோட்டுக்கு அருகில் நின்றேன். கயிறு கட்டிய ஓரத்துக்கு அந்தப் பக்கம், கூட்டத்தில், அவள். உடம்பில் நூல் புடவை. தோளில் அவருடைய துண்டு, கையில் தண்ணீர் பாட்டில், பையில் அவர் மாற்றிக்கொள்ளச் செருப்பு.

தூரத்தில் அவர் தெரிந்தார். காலை இழுத்து இழுத்து வந்தார். அவளைப் பார்த்ததும், "தண்ணி! தண்ணி!" என்று கையை ஆட்டினார். அவள் கொசுவத்தை இடுப்பில் செருகினாள். செருப்பை உதறினாள். கயிற்றுக்கு வெளியே, நடைபாதையில் நிற்கிற ஆட்களை விலக்கிக்கொண்டு அவரை எதிர்கொண்டு ஓடினாள். பாட்டிலைக் கொடுத்தாள். பிறகு அவர் பக்கத்திலேயே, கயிறு நடுவில் இருக்க, ஓடி வந்தாள். அதே ஓட்டம். சத்தமில்லாத கால். அவருக்கு முன்னால் போய்விடாமல் இருக்க அவள் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. "இன்னும் ஒரே கம்பம்ங்க, வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மேடம், இதுக்கு மேல வரக் கூடாது" என்றாள் ஓட்டத்தை நடத்துகிறவர்களின் பனியன் போட்ட ஒரு பெண். இவள் சட்டென்று நின்றுவிட்டாள். அவர் கோட்டைத் தாண்டினார்.

மெடலோடு வெளியே வந்து, அதைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார். "இது உனக்குத்தான்" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். எடுத்து முடித்ததும் அவர் மெடலைத் திரும்ப வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளருகில் போனேன். அவள் என் காதில் சொன்னாள்: "மூச்சே வாங்கலக்கா."

"செருப்பு எங்கடி?" என்றேன். அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தாள். எங்கேயோ பின்னால் விட்டிருந்தாள். கணவரிடம் திரும்பினாள்.

"செருப்ப எடுத்துட்டு வந்துடட்டுமாங்க?"

அவர் கடிகாரத்தில் தன் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார்.

அவள் ஓடினாள். கூட்டம் குறைந்த கடற்கரைச் சாலையில், வெறுங்காலோடு, முந்தானை பறக்க, நேராக. எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. சாமியை அதிகம் தொந்தரவு செய்யாதவள் நான். அன்றைக்கு அங்கேயே நின்று வேண்டிக்கொண்டேன். கடவுளே, இவள் நிற்காமல் இப்படியே போகட்டும், அடையாறு தாண்டிப் போகட்டும், திரும்பவே வேண்டாம். நூற்றெட்டு சுற்று சுற்றுகிறேன், வெறுங்காலோடு சுற்றுகிறேன்.

செருப்பு கிடந்த இடத்தில் அவள் நின்றாள். குனிந்து எடுத்தாள். எனக்குச் சுற்றுகிற வேலை வைக்காமல், இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, நடந்து திரும்பி வந்தாள்.